எந்தப் பக்கத்து ஜன்னல்? வானிலிருந்து நிலம் பார்க்க விரும்புவோருக்கு

விமான டிக்கெட் எடுக்கும்போது இருக்கை வரைபடம் திரையில் விரிந்ததும் பலரும் தேடுவது ஒன்றைத்தான்: ஜன்னலோரத்தில் ஏதாவது காலியாக இருக்கிறதா? இருந்தால் அதைத் தொட்டுவிட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் இறக்கையைத் தவிர்த்து முன்னாலோ பின்னாலோ எடுக்கிறார்கள். இடமா வலமா என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் வெளியே என்ன தெரியும், எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் பக்கத்துக்குத்தான். வரிசை அதற்கு அடுத்தது. மலைத்தொடர் முழுவதும் ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கத்தில் எவ்வளவு நல்ல வரிசை கிடைத்தாலும் பயனில்லை.

முதலில் எழுத்துகளைப் பார்த்துவிடலாம். விமானத்தின் மூக்கை நோக்கி உட்கார்ந்திருப்பவருக்கு ‘ஏ’ என்றால் இடது ஓரம். பக்கத்துக்கு மூன்று இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றில் வலது ஓரம் ‘எஃப்’. இரண்டு நடைபாதைகள் உள்ள பெரிய விமானங்களில் அது பெரும்பாலும் ‘கே’. நிறுவனத்துக்கு நிறுவனம் வலது ஓர எழுத்து மாறலாம், ‘ஏ’ மட்டும் இடத்தை விட்டு நகராது. இனி எல்லாவற்றையும் இடம், வலம் என்றே சொல்கிறேன்.

வெயில் எந்தப் பக்கம்?

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது கிழக்கு, தென்கிழக்காகப் பறக்கிறது. இமயமலை வடக்கே, அதாவது இடப்புறம் நீள்கிறது. இடது ஜன்னலில் இருப்பவருக்குப் பயணத்தின் பெரும்பகுதி பனிமுகடுகள் கூடவே வரும். விமானம் காத்மாண்டுவை நோக்கித் தாழ இறங்க இறங்க, அதுவரை சற்றுக் கீழே தெரிந்த சிகரங்கள் கண்மட்டத்துக்கு ஏறி, பிறகு அதற்கும் மேலே எழுந்து நிற்கும். விமான நிலையம் சுமார் 1,340 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர். திரும்பி வரும்போது அதே மலைகள் வலப்புறம்.

இது பலருக்கும் தெரிந்த தகவல்தான். அந்த இடது ஜன்னலை இத்தனை சிறப்பாக்கும் இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காலை நேரத்தில் சூரியன் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. வடக்கே பார்ப்பவருக்கு வெயில் முதுகுப்பக்கத்திலிருந்து வந்து மலையின் தெற்கு முகத்தில் நேராக விழுகிறது. ஒவ்வொரு மடிப்பும் வரப்பும் தெளிவாகத் தெரியும். கண்ணும் கூசாது.

சிலியின் சாண்டியாகோவிலிருந்து ஆண்டீஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குப் போகும் குறுகிய பயணத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். அதுவும் கிழக்கு நோக்கிய பயணம். 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கொன்காகுவா நேர்கோட்டுப் பாதைக்கு வடக்கே, அதாவது இங்கும் இடப்புறம்தான் இருக்கிறது. ஆனால் தென் அரைக்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மலையும் சூரியனும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன. நண்பகலில் அதே இடது ஜன்னலிலிருந்து பார்த்தால் சிகரத்தின் நிழல் விழுந்த முகமும் கூசும் வானமும்தான் கண்ணில் படும். அங்கே சிகரத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலை மாற்றிப் பயனில்லை, புறப்படும் நேரத்தை மாற்ற வேண்டும். அதிகாலையில் சூரியன் கிழக்கே, விமானத்தின் முன்பக்கம் இருக்கும். மாலையில் மேற்கே, பின்பக்கம் இருக்கும். இரண்டுமே நண்பகலைவிடப் பல மடங்கு மேல்.

பொதுவாகச் சொன்னால், கடக ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் நண்பகலை ஒட்டிக் கிழக்கே போகும் விமானத்தில் வெயில் வலப்புறம் விழும், மேற்கே போனால் இடப்புறம். மகர ரேகைக்குத் தெற்கே இது அப்படியே தலைகீழ். வடக்கே போகும் விமானத்தில் எங்கும் காலை வெயில் வலம், மாலை வெயில் இடம்; தெற்கே போனால் அதற்கு நேரெதிர். இரண்டு ரேகைகளுக்கும் நடுவே, வெப்பமண்டலத்தில், நண்பகல் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கே சாய்ந்தும் மறுபகுதியில் தெற்கே சாய்ந்தும் இருக்கும். உச்சிக்கு அருகில் நிற்பதால் பக்கம் பெரிய வித்தியாசத்தைத் தராது. உச்சி வெயிலில் நிழலே விழாமல் நிலம் தட்டையாகத் தெரிவதுதான் அங்கே உள்ள குறை. காலை எட்டு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ அதே நிலத்தின் மேல் பறந்தால் சிறு குன்றுகூட நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும்.

வெயில் படாத பக்கத்தையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்குக் காரணம் கண் கூசுவது மட்டுமல்ல, ஜன்னலும்தான். விமான ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகை. பொதுவாக மூன்று தகடுகள் இருக்கும். வெளித்தகடு கேபினின் காற்றழுத்தத்தைத் தாங்குகிறது. நடுத்தகடு, வெளித்தகடு உடைந்தால் அந்த வேலையை ஏற்கக் காத்திருக்கிறது. நாம் நெற்றியைச் சாய்க்கும் உள்தகடு மற்ற இரண்டையும் நம் கையிலிருந்து காப்பாற்றுகிறது. நடுத்தகட்டின் கீழ்ப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். தகடுகளுக்கு இடையே உள்ள காற்றின் அழுத்தத்தைச் சமன் செய்யவும் பனிமூட்டம் படியாமல் தடுக்கவும் அது இருக்கிறது. நீண்ட பயணங்களில் அந்தத் துளையைச் சுற்றி உறைபனி ஊசி ஊசியாகப் படர்வதைப் பார்ப்பதே ஓர் அழகு.

பிளாஸ்டிக்கில் கீறல் விழும். ஆண்டுக்கணக்கான தூசியும் துடைப்பும் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள் சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை. நேர் வெயில் அதன்மேல் விழுந்ததும் ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடித்து ஜன்னல் முழுவதும் வெள்ளை மூட்டமாகிவிடுகிறது. நிழல் பக்கத்தில் இதே கீறல்கள் இருந்தும் தொல்லை தருவதில்லை.

வெயில் பக்கத்துக்கென்று ஒரு தனி அழகு இருப்பதையும் சொல்ல வேண்டும். ஆறுகளும் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த சமவெளியின் மேல் பறக்கும்போது, நீர்ப்பரப்பு ஒவ்வொன்றும் சூரியனைப் பிரதிபலித்து வரிசையாகப் பற்றிக்கொண்டு அணையும். ஆற்றின் கிளைகளும் கால்வாய்களும் வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். மரங்களுக்கு அடியில் நிற்கும் வெள்ளம்கூட அந்தக் கோணத்தில் காட்டிக்கொடுத்துவிடும். டெல்டாப் பகுதிகளின் மேல் பறப்பவர்கள் வெயில் பக்கத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

நிழல் பக்கத்திலோ, பலரும் கவனிக்காமல் விடும் இரண்டு காட்சிகள் கிடைக்கின்றன. மேகப் படலத்துக்கு மேலே பறக்கும்போது சூரியனுக்கு நேரெதிர் திசையில் மேகத்தின்மேல் வட்ட வட்டமாக வண்ண வளையங்கள் தெரியும். மேகத்தில் உள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் உண்டாவது அது. மேகம் அருகில் இருந்தால் விமானத்தின் நிழலும் அந்த வளையத்துக்குள் ஓடும். வளையங்களின் நடுப்புள்ளியைக் கவனியுங்கள். அது நிழல் விமானத்தின் நடுவில் இருக்காது; நிழலில் உங்கள் இருக்கை எங்கே வருகிறதோ அங்கேதான் இருக்கும். பத்து வரிசை பின்னால் இருப்பவர் காணும் வளையம் அவருடைய இருக்கையை மையமாகக் கொண்டது.

மற்றொன்று அந்தி நேரத்துக்கானது. சூரியன் மறையும்போது எல்லோரும் மேற்கே திரும்புகிறார்கள். கிழக்கு ஜன்னலில் இருப்பவர் அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்று மெல்ல உயர்வதையும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று படிந்திருப்பதையும் பார்க்கலாம். கீழே உள்ள கருநீலம் பூமியின் நிழல். வளிமண்டலத்தின்மேல் விழும் அந்த நிழலைத் தரையிலிருந்தும் காண முடியும் என்றாலும், தூசுப்படலத்துக்கு மேலே பறக்கும்போது தெரியும் கூர்மை தரையில் வராது.

நேர் கீழே இருப்பது தெரியாது

பாதையை வரைபடத்தில் பார்த்து, “விமானம் இந்த நகரத்தின் மேலேயே போகிறது, கட்டாயம் தெரியும்” என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நேர் கீழே இருப்பதுதான் தெரியாது. பயணிகள் விமானம் வழக்கமாகப் பறக்கும் 10,700 மீட்டர் உயரத்தில், ஜன்னலிலிருந்து 45 டிகிரி சாய்வாகக் கீழே பார்த்தால் கண் தொடும் நிலம் பாதையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 10 டிகிரி மட்டும் தாழ்த்திப் பார்த்தால் அது 60 கிலோமீட்டர் தொலைவு. 5 டிகிரி என்றால் பூமியின் வளைவையும் சேர்த்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். தொடுவானம் அதற்கும் அப்பால், ஏறக்குறைய 370 கிலோமீட்டரில்.

ஆகவே ஜன்னல் பயணியின் நிலம் என்பது பாதையின் ஒரு பக்கத்தில், 10 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வரை நீளும் ஒரு பட்டை. ஆற்று வளைவு, எரிமலை வாய், தீவுக்கூட்டம், பவளத்திட்டு போன்றவை பாதைக்குச் சற்றுத் தள்ளி இருப்பதே நல்லது. பாதையின் மேலேயே இருந்தால் இரு பக்கத்தாருக்கும் கிடைக்காமல் போகும். உயர்ந்த மலைகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும், காற்று தெளிவாக இருந்தால். மழைக்காலம் முடிந்து தூசி அடங்கிய வாரங்களும், குளிர்காலத்தில் மழை ஓய்ந்த மறுநாளும் இதற்கு மிக நல்லவை. நிலத்தின் மேல் குவியல் மேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால் காலை விமானத்துக்கு அங்கேயும் ஒரு கூடுதல் மதிப்பெண்.

இடம் வலத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கடினமல்ல. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் நேர்கோட்டால் இணைத்து, பார்க்க விரும்புவது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும். நைரோபியிலிருந்து சான்சிபாருக்குக் கோடு போட்டால் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ அதன் மேற்கே விழும். தென்கிழக்காகப் போகும் விமானத்தில் அது வலப்புறம். குறுகிய பயணங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் ஏமாற்றாது.

நீண்ட பயணங்களில் தட்டையான வரைபடம் தவறான வழி காட்டும். பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, வரைபடத்தில் துருவத்தை நோக்கி வளைந்த வில்லாகத் தெரிகிறது. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் கிரீன்லாந்தை எட்டிப் பார்ப்பது இதனால்தான். அதோடு காற்றும் அரசியலும் சேர்ந்துகொள்கின்றன. வட அட்லாண்டிக் கடலின் மேல் விமானங்கள் போகும் தடங்கள் அன்றன்றைய காற்றோட்டத்தைப் பார்த்து நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கப்படுகின்றன. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் ஃபின்னேர் விமானம் வட துருவத்தைச் சுற்றும் நீண்ட பாதைக்கு மாறியது. பழைய பாதையை நம்பி எழுதப்பட்ட ஆலோசனைகள் ஒரே நாளில் செல்லாமல் போயின.

இதற்கு நல்ல மருந்து ஃபிளைட்ரேடார்24 போன்ற விமானத் தடம் காட்டும் தளங்கள். உங்கள் விமானத்தின் எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது உண்மையில் எந்த வழியாகப் போனது என்று காட்டும். நான்கைந்து நாள் தடங்களை ஒன்றாகப் பார்த்தால் வழக்கமான பாதை புலப்பட்டுவிடும். இணையத்தில் யாரோ எப்போதோ சொன்ன “இடப்புறம் உட்காருங்கள்” என்பதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது.

இறங்கும் திசையைக் காற்று சொல்லும்

நகரங்களைப் பார்க்க விரும்புவோருக்கு முக்கியமானவை மேலேறும் சில நிமிடங்களும் இறங்கும் இருபது நிமிடங்களும்தான். அப்போது விமானம் தாழ்வாக இருக்கிறது, அடிக்கடி சாய்ந்து திரும்புகிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலில் நிலம் நிறைந்துவிடும். மறுபக்கத்தில் வெறும் வானம்.

விமானங்கள் காற்றை எதிர்கொண்டுதான் ஏறும், இறங்கும். ஓடுபாதையின் எண் அதன் திசையைக் காட்டுகிறது: காந்தத் திசை டிகிரியை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டால் கிடைப்பது அந்த எண். 27 என்றால் 270 டிகிரி, மேற்கு நோக்கி. அதே ஓடுபாதையின் மறுமுனை 09, கிழக்கு நோக்கி. மேற்கிலிருந்து காற்று அடித்தால் 27ஆம் முனை பயன்படும். அன்றைய வானிலை முன்னறிவிப்பில் காற்றின் திசையைப் பார்த்தாலே விமானம் நகரத்தின் எந்தப் பக்கமாக இறங்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

லண்டன் ஹீத்ரோ இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே மேலைக் காற்றே அதிகம் என்பதால் பெரும்பாலான நாட்களில் விமானங்கள் கிழக்கிலிருந்து நகரத்தைக் கடந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. தேம்ஸ் ஆற்றின் வளைவுகளும் நாடாளுமன்றமும் நகரின் மையமும் பாதைக்கு வடக்கே, அதாவது வலப்புறம் வரிசையாக வரும். கீழைக் காற்று அடிக்கும் நாளில் விமானம் மேற்கிலிருந்து வரும், நகரமே தெரியாது. அதனால்தான் ஒரே ஊருக்கு ஒருவர் “அற்புதமான காட்சி” என்றும் இன்னொருவர் “வயல்தான் தெரிந்தது” என்றும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இறங்கும் நகரத்தைப் பார்க்க விரும்புபவர் முடிந்தால் இருக்கைத் தேர்வை வலைவழி செக்-இன் திறக்கும் நாள்வரை தள்ளிப்போடலாம். காற்றின் முன்னறிவிப்பு அதற்குள் நம்பும்படி ஆகிவிடும்.

இறக்கையும் இன்ஜினும்

பக்கம் முடிவானதும் வரிசை. ஏ320, 737 போன்ற விமானங்களில் இறக்கை உடலின் அடிப்பகுதியில் பொருந்தி, கேபினின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிசைகளுக்குக் கீழே விரிகிறது. அங்கே உட்கார்ந்தால் நிலம் தெரியாது. முன்னாலா பின்னாலா என்ற கேள்விக்கு என் பதில்: கிடைத்தால் முன்னால்.

காரணம், இறக்கை நேராக நீளாமல் பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. ஏ320இல் அந்தச் சரிவு 25 டிகிரி. முன்னால் இருப்பவரிடமிருந்து இறக்கை விலகிப் போகிறது. பின்னால், இறக்கையின் விளிம்பு முடிந்த அடுத்த வரிசையில் இருப்பவருக்கோ இறக்கையின் நுனி இன்னும் பக்கவாட்டிலேயே நிற்கிறது. அதைத் தாண்ட மேலும் சில வரிசைகள் பின்னால் போக வேண்டும். பின்வரிசைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்று பின்னோக்கிப் பாய்வதால் அதன் வழியாகத் தெரியும் நிலம் கானல்போல நெளிகிறது. கண்ணால் பார்க்கும்போது சமாளிக்கலாம், படம் எடுத்தால் தெளிவே இருக்காது. முன்பக்கம் எடுப்பவர்கள் இறக்கைக்கு நெருக்கமான இரண்டு மூன்று வரிசைகளை விட்டுவிட வேண்டும். அங்கே இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜின் கூடு கீழ்ப்பார்வையை அடைக்கும்.

ஏ380இன் இறக்கை 845 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. அதன் நடுவில் மாட்டிக்கொண்டால் மேல்தளம் கீழ்த்தளம் என்ற வேறுபாடில்லாமல் உலோகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இன்ஜின் வாலில் பொருத்தப்பட்ட சிறிய ஜெட் விமானங்களில் இறக்கையோடு கடைசி வரிசைகளையும் தவிர்க்க வேண்டும்.

நிலம் பார்ப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் இனிமையானது ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே தடையே இல்லை. பறக்கும் உயரமும் ஜெட் விமானங்களைவிடக் குறைவு, வேகமும் குறைவு. வயல் வரப்பும் சாலையில் போகும் வண்டியும்கூடக் கண்ணில் படும். முன்வரிசைகளில் விசிறியும் இன்ஜினும் பார்வையில் குறுக்கிடும், இரைச்சலும் அங்கேதான் அதிகம். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் குறையும். பலர் இந்த விமானத்தைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். காட்சிக்காகப் பயணிப்பவர் இதைத் தேடிப் பிடித்து டிக்கெட் எடுக்க வேண்டும் என்பேன்.

இறக்கை அருகே உட்கார்வதில் மகிழ்ச்சி அடைபவர்களும் இருக்கிறார்கள். இறங்கும்போது பின்விளிம்பிலிருந்து மடல்கள் ஒவ்வொன்றாக நீண்டு வளைவதையும், சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் தகடுகள் சட்டென்று நிமிர்வதையும் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர்களுக்கு இறக்கையின் பின்விளிம்பை ஒட்டிய வரிசை ஏற்றது.

ஜன்னல் இல்லாத ஜன்னல் இருக்கை

வரைபடத்தில் ஜன்னலோரம் என்று காட்டும் இருக்கைக்கு அருகில் உண்மையிலேயே ஜன்னல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைப் புரிந்துகொள்ள விமான உடலின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். உடலைச் சுற்றி வளையங்கள் ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. இரண்டு வளையங்களுக்கு இடையேதான் ஜன்னல் வைக்க முடியும். விமானத் தயாரிப்பாளர் இதை ஒருமுறை முடிவு செய்துவிடுகிறார். இருக்கைகளின் இடைவெளியை முடிவு செய்வதோ விமான நிறுவனம். சிக்கன வகுப்பில் அது பெரும்பாலும் 71 முதல் 81 சென்டிமீட்டர் வரை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. ஒரு வரிசைக்கு ஒன்றரை ஜன்னல் கிடைக்கும். அடுத்த வரிசைக்காரருக்குத் தோளுக்கு நேராகச் சுவர், ஜன்னல் பாதி முன்னால் பாதி பின்னால்.

முகத்துக்குச் சற்று முன்னால் ஜன்னல் அமைவதே நல்லது. வரப்போவதை முன்கூட்டியே பார்க்கலாம், கழுத்தும் வலிக்காது. தோளுக்குப் பின்னால் அமைந்தால் பயணம் முழுவதும் உடலைத் திருகிக்கொண்டு, கடந்து போனதையே பார்க்க வேண்டியிருக்கும். ஏரோலோபா என்ற தளம் விமான நிறுவனவாரியாக ஒவ்வொரு இருக்கைக்கும் ஜன்னல் எங்கே அமைகிறது என்பதை அளவோடு வரைந்து காட்டுகிறது. விமான நிறுவனங்களின் சொந்த வரைபடங்களில் பெரும்பாலும் இந்தத் தகவல் இருப்பதில்லை.

சில இடங்களில் ஜன்னலே இருக்காது. 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்காற்றைக் கூரைக்கு ஏற்றும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் செல்வதால் அங்கே ஒரு ஜன்னல் விடுபடுகிறது. ஐரோப்பிய விமான நிறுவனமான ரயன்ஏரின் 737-800இல் 11ஏ இருக்கை இதற்காகவே பெயர் பெற்றுவிட்டது. ஜன்னலோரம் என்று கூடுதல் கட்டணம் வாங்கிவிட்டுச் சுவரைக் காட்டுவது முறையா என்ற கேள்வி 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் நிறுவனங்கள் மீது வழக்காகவே எழுந்தது. என் பார்வையில் இதில் விவாதத்துக்கே இடமில்லை. சுவர் என்றால் சுவர் என்று வரைபடத்தில் காட்டிவிட வேண்டும்.

ஜன்னல்கள் சிறியவையாகவும் மூலை மழுங்கியவையாகவும் இருப்பதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான காமெட்டில் இரண்டு, 1954இல் சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. கேபினை அழுத்துவதும் தளர்த்துவதும் மாறி மாறி நடந்ததில் உடலின் திறப்புகளின் மூலைகளில் தகைவு குவிந்து, உலோகம் களைத்து விரிசல் விட்டது என்று ஆய்வு கண்டறிந்தது. வடிவமைப்பாளர்கள் அதன் பிறகு ஒவ்வொரு திறப்பையும் அஞ்சி அஞ்சியே வைத்தார்கள். 2011இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787இன் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. களைப்பை நன்றாகத் தாங்கும் அந்தப் பொருளால் 47 சென்டிமீட்டர் உயரமும் 27 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஜன்னல்கள் சாத்தியமாயின. அதில் உட்கார்ந்து கீழே நிலத்தையும் மேலே வானத்தையும் ஒரே பார்வையில் பார்த்தவர்களுக்கு மற்ற விமானங்கள் குறுகலாகத் தோன்றும். ஒரே வழித்தடத்தில் இரண்டு வகை விமானங்கள் ஓடினால் நேரத்தைச் சற்று மாற்றியாவது 787ஐத் தேர்ந்தெடுப்பது தகும்.

இரவும் நீண்ட அந்தியும்

இரவுப் பயணத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பது சரியல்ல. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் இரவில், கிழக்கு நோக்கி, வட அட்லாண்டிக் கடலைக் கடந்து செல்கின்றன. இடது ஜன்னல் வடக்கைப் பார்க்கிறது. துருவ ஒளி தோன்றினால் அங்கேதான் தோன்றும். முதலில் அது வெளிறிய மேகம்போலத்தான் இருக்கும். கேபின் விளக்கின் பிரதிபலிப்பை மறைக்கக் கம்பளியைத் தலையோடு ஜன்னலில் போர்த்திக்கொண்டு கண் பழகும்வரை சில நிமிடங்கள் பொறுத்தால் பச்சைத் திரை அசைவது தெரியும். ஐரோப்பாவிலிருந்து பகலில் மேற்கே போகும்போது கிரீன்லாந்தின் பனியையும் பனிப்பாறைகள் மிதக்கும் கடல் விளிம்பையும் பார்க்க வலப்புறம். பாதை தீவின் தெற்கே போனாலும் நிலம் அந்தப் பக்கம்தான் இருக்கும், வெயிலும் எதிர்ப்பக்கம்.

அந்தப் பாதையில் இன்னொரு விந்தை. பூமி சுழலும் வேகம் நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர். 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதி. ஜெட் விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. ஆகவே உயர்ந்த அட்சரேகைகளில் மாலையில் மேற்கே பறந்தால் சூரியன் மறைய மறுத்து அடிவானத்திலேயே தங்கிவிடும், அந்தி மணிக்கணக்கில் நீளும். குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில் மறைவதால் அதற்கு இடது ஜன்னல். கிழக்கே பறப்பவருக்கு அந்தி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவில் போலரைசர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். அக்ரிலிக் தகட்டில் உள்ள இறுக்கம் அதன் வழியாக வானவில் வரிகளாகத் தெரிந்து படத்தைக் கெடுக்கும். லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகில் கொண்டுபோகலாம், தொட வேண்டாம். தொட்டால் அதிர்வு படத்தில் இறங்கும்.

கடைசியாகத் திரை. ஏறும்போதும் இறங்கும்போதும் திரையைத் திறந்து வைக்கச் சொல்வது பல நிறுவனங்களின் பாதுகாப்பு நடைமுறை; அவசரம் நேர்ந்தால் வெளி நிலவரம் தெரிய வேண்டும், கண்ணும் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருக்க வேண்டும். நீண்ட பயணங்களின் நடுவில் நிலைமை வேறு. மற்றவர்கள் தூங்க வேண்டும் என்பதற்காகப் பட்டப்பகலிலும் திரைகளை மூடச் சொல்வார்கள். 787இல் திரையே இல்லை. பொத்தானால் நிறம் மாறும் ஜன்னலை விமானப் பணியாளர்கள் ஓரிடத்திலிருந்து மொத்தமாக இருட்டாக்கிவிட முடியும். மலையோ பனியோ எந்த நேரத்தில் வரும் என்று முன்பே தடத்தைப் பார்த்து வைத்திருப்பவர், அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஜன்னலைத் தெளிவாக்கித் தருமாறு பணியாளரிடம் கேட்கலாம். நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்பவருக்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை.